ஆகாயத்தாமரையும் எமது கிணறும்

தருக்கம் கற்றோருக்கு ஆகாயத்தாமரை என்னும் சொல் புதியதன்று. உலகத்தில் எக்காலத்தும் இல்லாத பொருளுக்கு உதாரணம் காட்ட வேண்டுமாயின், முயற்கொம்பு, ஆமைமயிர், ஆகாயத்தாமரை என்று அடுக்கிச் சொல்லுதல் நம் முன்னோர் மரபு. இளமையில் சைவசித்தாந்த வகுப்பிலே அமர்ந்து இவ்வுதாரணங்களைக் கேட்டபோது, இல்லாத தாமரைக்காக இத்துணை நேரம் செலவிடுகிறார்களே என்று நாம் உள்ளூர நகைத்ததுண்டு. அந்த நகைப்புக்குத் தண்டனைதானோ என்னவோ, முதுமைக் காலத்திலே அதே பெயர் பூண்ட செடியொன்று எமது ஊர்க் குளத்தை மூடி, எம்மை முழங்காலளவு சேற்றில் இறக்கி, கையில் ஒரு கொக்கத்தடியையும் கொடுத்துவிட்டது. இல்லாத பொருள் என்று கற்ற ஒன்றை வண்டி வண்டியாக அள்ளிக் கரைசேர்த்த கதையை இன்று வாசக நேயர்களுக்குச் சொல்லப் புகுந்தோம். கதையின் பெரும்பகுதி எமது குற்றத்தைப் பற்றியது என்பதையும் முன்னதாகவே ஒப்புக்கொள்கின்றோம்.

எமது ஊர் தெல்லிப்பழை. துர்க்கை அம்மன் கோயிலாலும், 1816 ஆம் ஆண்டில் தோன்றிய யூனியன் கல்லூரியாலும், 1910 ஆம் ஆண்டில் தோன்றிய மகாஜனக் கல்லூரியாலும் அதனைப் பலரும் அறிவர். கமக்காரரோ அதனைச் செம்மண்ணால் அறிவர். வெங்காயம், மிளகாய், வாழை, புகையிலை என்று எதை வைத்தாலும் ஏமாற்றாத மண் அது. அம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. எமது பகுதியிலே தோன்றி, அளவெட்டி, கந்தரோடை வழியாகச் சென்று, அராலிப் பக்கத்தில் கடலேரியைச் சேரும் வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஆறு என்னும் பெயருக்கு உரியது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்யும் மழை குளங்களிலே தங்கி, கல் வெடிப்புகளினூடே மெல்ல இறங்கி, கிணறுகளிலே ஊறுகின்றது. குடிப்பதற்கும் இறைப்பதற்கும் அந்த ஊற்றைத் தவிர வேறு கதி எமக்கில்லை. எமது ஊரிலே குளம் கிணற்றுக்குத் தாய் என்று சொன்னால் அது மிகையாகாது.

1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது நாமும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். வீடு திரும்பியது போர் முடிந்தபின், 2011 ஆம் ஆண்டிலே. கூரையில்லாச் சுவர்களையும், முற்றத்திலே வளர்ந்த பற்றைக் காட்டையும் கண்டு எமது இல்லாள் ஒரு சொல்லும் சொல்லாது நின்றாள். பின்பு கிணற்றடிக்குச் சென்று எட்டிப் பார்த்து, "தண்ணி இருக்கு" என்று மாத்திரம் சொன்னாள். அந்த இரண்டு சொற்களை நம்பியே நாம் மறுபடியும் குடியமர்ந்தோம். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தோமாகையால், வீட்டுக்கு அடுத்திருந்த நான்கு பரப்பு நிலத்தைத் திருத்தி, வெங்காயமும் கத்தரியும் வைக்கத் தொடங்கினோம்.

குற்றம் தொடங்கியது ஒரு பூவிலே. திரும்பி வந்த மூன்றாம் ஆண்டில், பட்டணத்திலே உறவினர் ஒருவர் வீட்டு நீர்த்தொட்டியில் மிதந்த செடியொன்று எமது இல்லாளின் கண்ணைக் கவர்ந்தது. தடித்த பச்சை இலை, வெங்காயம் போலப் பருத்துக் காற்றடைந்த காம்பு, செந்நீலப் பூங்கொத்து, ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் மயிற்கண் போல ஒரு மஞ்சட்புள்ளி. எல்லாம் இழந்து மீண்ட முற்றத்துக்கு ஓர் அழகு வேண்டுமென்று அவள் விரும்பினாள், நாமும் மறுக்கவில்லை. ஒரு வாளியிலே மூன்று செடிகள் வந்தன. ஓராண்டுக்குள் எமது தொட்டி நிரம்பிவிட்டது. நிரம்பி வழிந்ததை நாமே கடகத்தில் அள்ளிச் சென்று, அருகிலிருந்த ஊர்க் குளத்திலே போட்டோம். "குளமும் அழகாக இருக்கட்டும்" என்று நாம் சொன்ன சொல் இன்றும் எமது காதில் ஒலிக்கின்றது.

எம்மைப் போன்ற அழகு விரும்பிகள் செய்த தவறே இச்செடியின் உலக சரித்திரமும் ஆகும். தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசமே இதன் தாயகம். அங்கே இதனை உண்ணும் பூச்சிகள் உண்டாகையால் அது அடங்கியிருந்தது. பூவின் அழகை விரும்பி மனிதர் அதனைக் கண்டங்கண்டமாகக் கொண்டு சென்றபோது, பகையில்லாத நாடுகளிலே அது கட்டுக்கடங்காது பெருகிற்று. இலங்கைக்கும் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகவே வந்தது. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1909 ஆம் ஆண்டில், அதன் பரம்பலைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வங்காளத்திலும் 1936 ஆம் ஆண்டில் அவ்வாறே சட்டம் பிறந்தது. மட்டக்களப்பார் இதனை ஆற்றுவாழை என்பர். தமிழ்நாட்டிலே வெங்காயத்தாமரை என்றும் ஆகாயத்தாமரை என்றும் வழங்குவர். மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று கூறுவது வேறொரு சிறு மிதவைச் செடியை. பெயரிலும் பிறர் இடத்தைப் பறித்துக்கொண்ட செடி இது.

இதன் பெருக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்வோம். வெப்பமும் சத்தும் உள்ள நீரிலே இச்செடிக் கூட்டம் இரு வாரத்துக்குள் இரட்டிக்க வல்லது. ஒரு செடி இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டாகுமாயின், இருபது வாரத்தில் அது 1,024 செடியாகும். கோடையிலே குளம் வற்றும்போது செடி கருகும். தொல்லை ஒழிந்தது என்று நாமும் ஒவ்வோராண்டும் மகிழ்ந்தோம். ஆனால் அதன் விதை சேற்றினுள்ளே பல ஆண்டுகள் உறங்க வல்லது என்பதை நாம் அறிந்திலோம். மழை வந்தவுடன் குளம் மறுபடியும் பசுமையாயிற்று. 2019 ஆம் ஆண்டளவில் எட்டுப் பரப்புக் குளத்திலே நீர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. மாடு குடிக்க இறங்க வழியில்லை, மீனுக்கு மூச்சில்லை, நுளம்புக்கு மாத்திரம் நல்ல காலம். திறந்த நீரிலிருந்து ஆவியாகும் அளவிலும் மிகுதியான நீரை இச்செடி தன் இலைகளினூடே வெளிவிடும் என்பர். ஆறில்லாத ஊரிலே, கிணற்றின் தாயாகிய குளத்தின் மேல் நாம் ஏற்றி வைத்த பாரம் அது.

ஊரார் எவரும் எம்மைக் குறை கூறவில்லை. யார் போட்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது. எமக்குத் தெரியும், எமது இல்லாளுக்குத் தெரியும். மாலையில் குளக்கட்டு வழியே நடந்து செல்லும்போது நாம் இருவரும் வேறு கதை பேசிக்கொண்டு நடப்போம்.

இந்நிலையிலேதான் 2021 ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. கமக்காரர் திகைத்தனர். நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே உரத்தின் விலை பல மடங்காக ஏறி, யூரியா மூடை எம்மைப் போன்றோருக்கு எட்டாப் பொருளாயிற்று. பசளைக்கு எங்கே போவது என்று ஊர் முழுவதும் பேச்சாயிருந்த நாளில், குளத்துச் செடியைக் கூட்டெருவாக்கினால் என்ன என்னும் எண்ணம் எமக்கு உதித்தது. பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தமும் ஆகும், வெங்காயத்துக்குப் பசளையும் ஆகும் என்று கணக்கிட்டோம்.

புத்தகம் படித்தவர்களுக்கு உள்ள துணிவு சொல்லும் தரமன்று. புரட்டாதி மாதத்திலே அயல் இளைஞர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, கொக்கத்தடியால் செடியை இழுத்து, குளக்கரையிலே ஆளுயரத்துக்குக் குவித்தோம். குவித்தால் தானே உக்கும் என்பது எமது சித்தாந்தம். பத்து நாளிலே அக்குவியலிலிருந்து எழுந்த நாற்றம் அயல் வீடுகளின் சமையலறை வரையில் சென்றது. ஐப்பசியில் பெய்த முதற் பெருமழையோ, குவியலின் புறத்தே இன்னும் பச்சையாயிருந்த செடிகளை அப்படியே வாரிக் குளத்துக்குள் இறக்கிவிட்டது. இரண்டு நாட் கழித்துப் பார்த்தால் அவை முன்னையிலும் செழிப்பாக மிதக்கின்றன. உள்ளே பாதி அழுகிக் கிடந்ததை வீணாக்க மனமின்றிக் கத்தரிப் பாத்தியிலே இட்டோம். கத்தரி மஞ்சளித்துக் குன்றியது. அரைகுறையாக உக்கிய பொருளை மண்ணில் இட்டால், அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே உறிஞ்சிக்கொண்டு பயிரைப் பட்டினி போடும் என்பதைப் பின்னரே படித்தோம். "இஞ்சருங்கோ, குளத்தைக் கெடுத்தது காணாதெண்டு இப்ப கத்தரியையும் கெடுத்துப்போட்டியள்" என்றாள் இல்லாள். மறுமொழி சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எமது அயலிலே எண்பதைக் கடந்த முதிய கமக்காரர் ஒருவர் உள்ளார். ஊரிலே எல்லாரும் அவரை அப்பு என்றே அழைப்பர், நாமும் அவ்வாறே. குவியலைப் பார்க்க வந்தவர் கைத்தடியால் அதனைக் கிளறிவிட்டு, "வாத்தியார், உது எரு இல்லை, தண்ணி. தண்ணியைக் குவிச்சு வைச்சா நாறாமல் என்ன செய்யும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. இச்செடியின் நிறையிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். அதனை முதலில் வெட்டி உலர்த்தாமல் குவித்தால், காற்றுப் புகாமல் அழுகுமேயன்றி உக்காது. கூட்டெரு என்பது அழுகல் அன்று. அது மெல்ல எரியும் ஓர் அடுப்பு. அவ்வடுப்புக்குக் காற்று வேண்டும். அளவான ஈரம் வேண்டும். பச்சைத் தழையும் உலர்ந்த சருகும் கலந்த விறகு வேண்டும். நெருப்பாகச் சாணகம் வேண்டும்.

அப்புவின் தலைமுறைக்கு இவையெல்லாம் புதியவையல்ல. யூரியா மூடை வருவதற்கு முன்பு குடாநாட்டுத் தோட்டங்கள் குழையாலும் எருவாலும் வாழ்ந்தவை. பூவரசங்குழையும் காவிளாயும் வெட்டித் தாழ்த்தார்கள். வேலிக்கும் கூரைக்கும் உதவிக் கழிந்த பனையோலையையும் தோட்டத்திலே புதைத்தார்கள். கடற்கரைக் கிராமங்களில் அலை ஒதுக்கிய சாதாளையை அள்ளி வந்து பயிருக்கு இட்டார்கள். அறுவடை முடிந்த நிலத்திலே இரவில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்தார்கள். கழிவு என்று ஒரு பொருளை அவர்கள் அறியவில்லை. வெள்ளைக்கார அறிஞராகிய சர் ஆல்பர்ட் ஹவார்ட் என்பவர் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டுக் குடியானவர்களையே தமது ஆசான்களாகக் கொண்டு, இந்தூர் நகரத்திலே 1924 முதல் 1931 வரையில் ஆராய்ந்து வகுத்த இந்தூர் முறையும் இதன் வழிவந்ததே. வங்காளத்திலே இதே நீர்ச்செடியைக் கூட்டெருவாக்கிய செய்தியை அவர் 1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே எழுதியிருக்கின்றார். வங்காள தேசத்தின் தாழ்நிலக் கமக்காரர்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, இச்செடியை நீரின் மேலேயே பாத்தியாக அடுக்கி, அதன்மேல் காய்கறி விளைவிக்கின்றனர். அம்மிதவைத் தோட்டங்களை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் உலகின் சிறப்புமிக்க வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மறந்ததை நினைவுகூர்ந்தோம்.

2022 ஆம் ஆண்டு தை மாதம், மழை ஓய்ந்தபின், அப்புவை மேடான ஓர் இடத்திலே கதிரை போட்டு அமர்த்தி, அவர் சொற்படி நடந்தோம். இழுத்த செடியைக் குளத்திலிருந்து நன்கு தள்ளிக் கொண்டுவந்து, வேரையும் இலையையும் சாணளவு துண்டுகளாக வெட்டி, நான்கு நாள் வெயிலில் வாடவிட்டோம். நிலத்திலே காற்றோட்டத்துக்காகக் காய்ந்த தடிகளைப் பரப்பி, அதன்மேல் வாடிய செடி ஒரு சாண், வாழைச்சருகும் வைக்கோலும் நான்கு விரல், சீமைக்கிளுவைக் குழை கொஞ்சம், கரைத்த சாணகம் ஒரு வாளி, மேலே பிடி சாம்பலும் பழைய எருக்கும்பி மண்ணும் என்று அடுக்கடுக்காக நெஞ்சளவுக்கு உயர்த்தினோம். வெயிலும் மழையும் படாமல் கிடுகால் மூடினோம்.

ஐந்தாம் நாள் அப்பு அலவாங்கு ஒன்றைக் கும்பியின் நடுவே குத்தச் சொன்னார். சற்று நேரங் கழித்து இழுத்து, "பிடிச்சுப் பாருங்கோ" என்றார். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டோம். அத்துணைச் சூடு. நன்கு அடுக்கிய கூட்டெருவினுள்ளே வெப்பம் 55 பாகை செல்சியஸுக்கு மேலே செல்லும். களை விதையையும் நோய்க்கிருமியையும் கொல்லுவது அவ்வெப்பமே. புறத்தேயுள்ள பகுதிக்கு அச்சூடு எட்டாதாகையால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உள்ளதை வெளியேயும் வெளியிலுள்ளதை உள்ளேயும் புரட்டிப்போட வேண்டும். மூன்று முறை புரட்டினோம். மூன்று மாதங் கழித்துக் கிடுகை நீக்கியபோது ஆளை மறைத்த கும்பி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே கருமையாக, பொலபொலவென்று, முதல் மழை பட்ட மண்ணின் வாசனையோடு எரு இருந்தது. நாற்றத்துக்குப் பயந்து சாளரத்தை அடைத்த அயலார் தாமே வந்து கையில் அள்ளி முகர்ந்து பார்த்தனர்.

அந்நாட்களிலேதான் எமது மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். சித்திரையிலே பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறையைக் குறித்துக்கொண்டபின், கிணற்று நீரைப் பரிசோதித்தீர்களா என்று வினவினார். எமது முற்றத்துக் கிணறு. எம் தந்தையார் வெட்டியது. முப்பாட்டன் காலந்தொட்டுக் குடித்த ஊற்று. அதைப் பரிசோதிப்பதா என்று உள்ளூர ஒரு மனத்தாங்கல் எழுந்தது. ஆயினும் போத்தலில் நிரப்பிக் கொடுத்தனுப்பினோம்.

பெறுபேறு வந்தது. நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருந்தது. பெரியோரை அது உடனே வருத்தாது. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்நீரிலே பால்மாக் கரைத்துக் கொடுத்தால், குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமையை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அவ்வுப்பு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். தாய்ப்பால் குடிக்கும் வரையில் அஞ்ச வேண்டியதில்லை என்று சொன்னார்கள். பேத்திக்குத் தாய்ப்பால் தாராளமாக இருந்தது. ஆயினும் வீட்டிலே அன்று எவரும் சரியாக உண்ணவில்லை. 2011 இல் அக்கிணற்றை எட்டிப் பார்த்து "தண்ணி இருக்கு" என்று சொன்னவள், "எங்கட கிணத்துத் தண்ணியை எங்கட பேத்திக்குக் குடுக்கேலாதாம்" என்று சொல்லிக் கட்டிலே அமர்ந்துவிட்டாள்.

எமது கிணறு தனியன்று. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலே நைத்திரேற்று மிகுந்திருத்தலைப் பல ஆண்டுகளாகவே ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்து வந்திருக்கின்றனர். மலகூடக் குழிகளும் ஒரு காரணம். மிகையாக இடும் உரம் மற்றொரு காரணம். பயிர் உண்டது போக எஞ்சிய யூரியா நைத்திரேற்றாக மாறி, நாம் இறைக்கும் நீரோடே கல் வெடிப்பினூடாக மறுபடியும் கிணற்றுக்கே இறங்குகின்றது. மாரி வெள்ளத்தோடு ஓடுவது குளத்தைச் சேருகின்றது. நான்கு பரப்பு வெங்காயத்துக்கு ஒரு மூடை போதுமென்றால், பக்கத்துத் தோட்டத்தின் பசுமையைக் கண்டு ஒன்றரை மூடை வீசியவர்கள் நாம்.

இச்செய்தியை அப்புவிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியார், உந்தச் செடி சும்மா கொழுக்கேல்லை. உங்கட யூரியாதான் உதிலை பச்சையா நிக்குது."

அச்சொல் எம்மைச் சுட்டது போல அலவாங்கும் சுடவில்லை. செடி எம்முடையது, அது தின்று கொழுத்த உரமும் எம்முடையது. காசு கொடுத்து வாங்கி, தோட்டத்திலே வீசி, கைவிட்டுப் போக விட்ட செல்வம் குளத்திலே மிதந்துகொண்டிருந்தது. அதனை அள்ளித் தோட்டத்துக்கு மீட்பது பிறர்க்குச் செய்யும் உபகாரமன்று. எம் வீட்டுப் பொருளை நாமே வீடு சேர்ப்பது.

ஆயினும் மிகைபடக் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. கணக்கை உள்ளபடி சொல்வோம். ஒரு தொன் பச்சைச் செடியிலே நீர் போக எஞ்சுவது ஏறத்தாழ 50 கிலோ. அதில் நைதரசன் நூற்றுக்கு இரண்டு என்று கொண்டால் ஒரு கிலோ. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசனாகையால், 50 கிலோ மூடை ஒன்றிலே 23 கிலோ உண்டு. ஆகவே ஒரு மூடை யூரியாவின் நைதரசனைச் செடியிலிருந்து பெறுவதற்கு 23 தொன் செடியை இழுக்க வேண்டும். உக்கும்போது அதிலும் ஒரு பகுதி இழப்பாகும். இதனை முதலில் அறிந்திருந்தால் கொக்கத்தடியைத் தொட்டிருக்கமாட்டோம். ஆனால் மூடையிலே இல்லாத சில கூட்டெருவிலே உண்டு. பொற்றாசியம் உண்டு, உயிர்ப்பொருள் உண்டு. வெயிலிலே தன் உயிர்ப்பொருளை விரைவில் இழக்கும் செம்மண்ணுக்கு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் ஆற்றலை அளிப்பது அதுவே.

அதன் பயனை அவ்வாண்டுக் கோடையிலே கண்கூடாகக் கண்டோம். நெருக்கடியினால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் பல நாள் வாய் மூடிக் கிடந்தது. வெங்காயப் பாத்திகளில் பாதிக்கு மாத்திரமே கூட்டெரு இட்டிருந்தோம். மற்றப் பாதிக்கு அரிதிற் கிடைத்த யூரியாவில் கொஞ்சம் இட்டோம். தொடக்கத்திலே யூரியாப் பாத்திதான் கரும்பச்சையாக நின்றது, நாமும் மனந்தளர்ந்தோம். இறைப்பு ஒரு நாள் தவறி இரு நாள் தவறியபோது அது நுனி கருகித் தலை சாய்ந்தது. கூட்டெருப் பாத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. விளைவு பெருவிளைவன்று, ஆனால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமும் வீட்டுக்குக் கறி வெங்காயமும் தந்தது.

அதன்பின் அயலிலுள்ள தோட்டக்காரர் ஐவர் எம்மோடு சேர்ந்தனர். முறை வைத்துக் குளத்தில் இறங்குவோம், செடியைப் பங்கிட்டுக்கொள்வோம், சாணகம் உள்ளவர் சாணகமும், உழவு இயந்திரம் உள்ளவர் ஏற்றிப் பறித்தலும் தருவார். கூட்டெரு இடும் அளவுக்கு யூரியாவைக் குறைப்பது என்பது எமக்குள்ளே எழுதாத உடன்படிக்கை. கூட்டெருவையும் அளவு கடந்து இட்டால் அதிலிருந்தும் நைத்திரேற்றுக் கீழே இறங்கும் என்பதை நாம் மறப்பதில்லை.

இவ்வழியை மேற்கொள்ள விரும்புவோருக்குச் சூடுபட்டவர் என்ற முறையில் சில சொல்வோம். கழிவுநீர் வாய்க்காலிலும் தொழிற்சாலை நீரிலும் வளர்ந்த செடியை உண்ணும் பயிருக்கு எருவாக்கலாகாது. நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சித் தன்னிடம் சேர்த்து வைக்கும் இயல்பு இதற்குண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1970களில் கழிவுநீரைச் சுத்திகரிக்க இச்செடியையே பயன்படுத்திப் பார்த்தது அதனாலேதான். இன்னொரு குளத்தின் வழியாகவோ வாய்க்காலோரமாகவோ பச்சைச் செடியை ஏற்றிச் செல்லலாகாது. விழுந்த ஒரு துண்டே அடுத்த குளத்துக்குப் போதும். பூக்குமுன் இழுத்துவிட்டால் விதை சேராது. இவையனைத்தினும் முக்கியமானது ஒன்று: எரு நன்றாயிருக்கின்றது என்பதற்காக எவரும் இச்செடியை வளர்க்க எண்ணலாகாது. எம்மோடு சேர்ந்தவருள் ஒருவர், "ஒரு மூலையிலே கொஞ்சம் விட்டுவைத்தால் அடுத்த முறைக்கு உதவும்" என்று நல்லெண்ணத்தோடு கூறினார். தொட்டியிலே மூன்று செடி வைத்த வரலாற்றை அன்றுதான் நாம் முதன்முதலாக ஊரார் முன் வாய்விட்டுச் சொன்னோம். சிலர் சிரித்தனர், அப்பு சிரிக்கவில்லை. "சொன்னது நல்லது" என்றார். அந்த மூலையும் அன்றைக்கே வெறுமையாயிற்று.

இன்று குளத்தின் பெரும்பகுதியில் நீர் தெரிகின்றது. மாடு இறங்குகின்றது, கொக்கு வருகின்றது. ஒவ்வொரு மாரியிலும் சேற்றில் உறங்கும் விதைகள் முளைக்கின்றன; ஒவ்வொரு மாரியிலும் நாம் இறங்குகின்றோம். செடி முற்றும் ஒழிந்தது என்று சொல்லும் நாள் எமது வாழ்நாளிலே வருமோ என்பது ஐயமே. கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்கின்றோம். எல்லைக்குள் இன்னும் அது வரவில்லை, ஏறவும் இல்லை. பத்தாண்டு குடித்த உரத்தைக் கல்லும் மண்ணும் இரண்டு மூன்று ஆண்டிலே மறந்துவிடுமென்று எதிர்பார்த்தல் பேதைமை.

சென்ற விடுமுறைக்கு வந்த பேத்தி எம் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக்கு வந்தாள். கரையோரத்திலே எமது கண்ணுக்குத் தப்பிய செடியொன்று செந்நீலக் கொத்தாகப் பூத்திருந்தது. "அம்மப்பா, அந்தப் பூ வேணும்" என்றாள். எமக்கு முன்னரே எமது இல்லாள் நீரில் இறங்கிச் செடியை வேரோடு இழுத்தெடுத்தாள். பூவைக் கிள்ளிப் பேத்தியின் கையிலே கொடுத்தாள். செடியைக் கடகத்தில் இட்டாள்.

"வீட்டை கொண்டுபோய்த் தொட்டியிலை வைப்பமா, அம்மம்மா?" என்று குழந்தை கேட்டது.

"இல்லை மோனை," என்றாள் அவள்; "பூ உனக்கு; செடி கும்பிக்கு."